காளீஸ்வரி கேட்ட மூன்றாவது கேள்வி

போடியில் விடிவதற்கு முன்னால் ஜீப்பு ஏறுகிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு அவசரமாக இருந்தாலும், டிரைவர் எத்தனை ஹாரன் அடித்தாலும், மூன்று கேள்விக்குப் பதில் வராமல் ஒருத்தியும் படியில் கால் வைக்க மாட்டாள். எந்தத் தோட்டம்? என்ன கூலி? எத்தனை மணிக்கு இறக்கி விடுவ? மூன்றுக்கும் டிரைவர் நாலு பேர் காதில் விழும்படி சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். வாய்க்குள் முணுமுணுத்தால் செல்லாது.

முதல் இரண்டு கேள்விகளும் மலையில் ஏலத்தோட்டம் வந்த நாளிலிருந்தே இருக்கின்றன. மூன்றாவது கேள்வி சிலமலைக் காளீஸ்வரி போட்டது. அப்போது அவளுக்கு வயசு பத்தொன்பது, கல்யாணமாகி ஆறு மாசம். சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு போன டிரைவர், சாயங்காலம் வேறு லோடு கிடைத்தது என்று போய்விட்டான். மழையில் அட்டைக்கடியோடு ரோட்டோரம் நின்று, வீடு வந்து சேரும்போது ஊரே தூங்கிவிட்டது. மறுநாள் காலையில் அதே டிரைவர் ஒன்றுமே நடக்காத மாதிரி பல் குத்திக்கொண்டு வந்து நின்றான். காளீஸ்வரி போய் வண்டிக்கு முன்னால், பானெட்டை ஒட்டி நின்றுகொண்டாள்.

"எத்தன மணிக்கு எறக்கி விடுவன்னு இப்பவே சொல்லு. சொன்னாத்தான் ஏறுவோம்."

"ஏறும்போதே எறங்குற பேச்சா?" என்று அவன் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வண்டியில் ஒருத்திகூட இல்லை. பதினாலு பேரும் தூக்குவாளியோடு தரையில் நின்றார்கள். அஞ்சு மணி என்று சொன்ன பிறகுதான் ஏறினார்கள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி நிலைத்துவிட்டது, இன்றைக்கு அதைக் கேட்கிற பாதிப் பேருக்கு அது யார் போட்டது என்று தெரியாது.

இவ்வளவு விவரமான பொம்பளை, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அந்தக் கேள்வியைக் கேட்காமல் வண்டி ஏறினாள். அந்த வண்டி விமானம்.

அது இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷம். மழை ஏமாற்றி, தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கணவன் காசிராஜன் மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தான், அங்கேயும் அடுப்பு பாதி நாள் எரியவில்லை. மகள் வித்யாவுக்கு ஒன்பது வயசு. போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ராஜாராம் என்பவர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் வைத்திருந்தார். கண்ணாடி மேஜை, ஏசி, சுவரில் ஏழெட்டு நாட்டுக் கொடி. காளீஸ்வரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து முதல் இரண்டு கேள்விகளையும் ஒழுங்காகக் கேட்டாள். எந்த ஊரு? குவைத்து, நல்ல குடும்பம். என்ன சம்பளம்? அதற்கும் பதில் வந்தது. மூன்றாவது கேள்வி நாக்கு நுனிக்கு வந்தபோது ராஜாராம் கையை உயர்த்தினார்.

"ஆத்தா, கெளம்புற நேரத்துல எப்பத் திரும்புவேன்னு கேக்கப்படாது. அபசகுனம். போய்ட்டு வர்றேன்னு சொல்லு, அது போதும்."

நம் ஆட்களை எங்கே தட்டினால் மடங்குவார்கள் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். வெளியே கிளம்புகிறவளைப் பார்த்து 'எங்க போற' என்று கேட்டுவிட்டால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. 'போறேன்' என்று வாய் தவறிச் சொன்னால் சொன்னவள் வாயிலேயே தட்டுவோம். காளீஸ்வரிக்கும் அந்தப் பயம் உண்டு. கேள்வியை விழுங்கிக்கொண்டு, 'போய்ட்டு வர்றேண்ணே' என்று சத்தமாகவே சொன்னாள். அந்த 'வர்றேன்' அவள் வாயில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட அரபிக் காகிதத்தில் எந்த இடத்திலும் இல்லை.

குவைத்து விமான நிலையத்திலேயே வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதில் அவள் பேருக்குப் பக்கத்தில் அப்பா பேர் அமாவாசை என்று இருந்தது. அதுதான் கூப்பிடும் பேர் என்று நினைத்துக்கொண்டு, முதல் மாசம் பூராவும் அந்த வீடு அவளை 'அமாவாசி, அமாவாசி' என்று ஏவியது. பாத்திரம் கழுவவும் அமாவாசி, கக்கூஸ் கழுவவும் அமாவாசி. செத்துப்போன அப்பன் கடல் தாண்டி வந்து வேலை பார்க்கிறாரே என்று அவளுக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும். பிறகு பேரைச் சொல்லிக் கொடுத்தாள், காளி என்று சுருக்கிக்கொண்டார்கள்.

அங்கே அவள் கற்ற முதல் சொல் மாஃபி. இல்லை, கிடையாது, ஆகாது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். லீவு மாஃபி. வெளியே போக மாஃபி. ஜவாஸ் என்றால் பாஸ்போர்ட், அது கேட்டாலும் மாஃபி. வீட்டு எஜமானிக்கு மூத்த மகன் பேர் ஃபஹத். அதனால் அவளை எல்லாரும் உம்மு ஃபஹத், ஃபஹத்தின் அம்மா, என்றே கூப்பிட்டார்கள். காளீஸ்வரிக்கு மேடம். அவளைக் கெட்டவள் என்று காளீஸ்வரி இன்றைக்கும் சொல்ல மாட்டாள். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, சம்பளம் முன்னே பின்னே ஆனாலும் வந்துவிடும். ஆளைக் கூட்டி வந்தால் ஒருநாள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது மட்டும் அந்தம்மாவுக்குத் தோன்றவே இல்லை. வாங்கிப் போட்ட கிரைண்டரை யார் திருப்பி அனுப்புவார்கள்?

இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்தது, யாரும் பேசவில்லை. மூன்றாவது வருஷமும் போனது. அப்போதுதான் வித்யா வயசுக்கு வந்துவிட்டாள் என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. சடங்கு வைக்கிறோம், நீ வந்தால்தான் தண்ணீர் ஊற்றுவோம் என்று காசிராஜன் சொன்னான். காளீஸ்வரி மேடத்தின் முன்னால் நின்று கையைக் கூப்பி ஒரு மாசம் லீவு கேட்டாள். 'பாதேன்' என்றாள் மேடம். அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். ஊர் எவ்வளவு நாள் காத்திருக்கும்? சடங்கு நடந்தது. பட்டுப் பாவாடையோடு மனையில் உட்கார்ந்திருந்த மகளைப் பத்து நிமிஷம் போனில் பார்த்தாள். பாதியில் படம் உறைந்து நின்றுவிட்டது. அன்றைக்குத் துணி தேய்க்கிற அறையில் உட்கார்ந்து, இதுவரை அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீடு நிறைய விருந்தாளிகள். காப்பிக்கு ஏலக்காய் தட்டிப்போட டப்பாவைத் திறந்தாள். எட்டு மில்லிமீட்டர் பருமனான முதல் தரக் காய், பச்சை மாறாத காய். போடிச் சரக்கு என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது என்கிறாள். காயில் பேரா எழுதியிருக்கும் என்று யாராவது கேட்டால் சண்டைக்கு வருவாள். பதினைந்து வருஷம் அதைப் பறித்த கை அவளுடையது. 'இது பாட்டுக்கு மல இறங்கி, கப்பல் ஏறி இங்க வந்துருச்சு. நான் ஏத்தி அனுப்புன காய்க்கு இருக்கற பாத கூட எனக்கு இல்லயா' என்று நினைத்தாளாம். டப்பாவை மூடினாள். வாசல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

"கஹ்வா மாஃபி," என்றாள். காப்பி கிடையாது.

மேடம் கத்தினாள், பிறகு மிரட்டினாள். போலீசைக் கூப்பிடுவேன் என்று போனை எடுத்தாள். 'கூப்பிடு, எனக்கும் அந்த நம்பர் தெரியும்' என்றாள் காளீஸ்வரி. பக்கத்து வீட்டு டிரைவர் கேரளத்துக் கட்டப்பனைக்காரர், அவள் மலையில் கற்ற மலையாளம் அவரிடம் பேசக் கைகொடுத்திருந்தது. வேலைக்காரரின் பாஸ்போர்ட்டை எஜமான் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது என்பதை மதில் வழியாக அவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கூட்டினாள், துவைத்தாள், சமைத்தாள், எல்லா வேலையும் செய்தாள். ஏலக்காயை மட்டும் தொடவில்லை. காலையில் எழுந்ததும் ஒருதரம், இரவு படுக்கப் போகும்போது ஒருதரம், மேடத்தின் முன்னால் நின்று 'ஜவாஸ்' என்று கேட்டாள். வருகிற விருந்தாளிகள் எல்லாம் இந்த வீட்டில் ஏன் காப்பி ஒரு மாதிரி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டாம் நாள் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் மேஜையில் இருந்தன.

மூன்று வருஷம் எட்டு மாசம் கழித்து வந்து இறங்கியவளை ஊர் அனுதாபத்தோடு பார்த்தது. அவளுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. 'பாவம், போய் மாட்டிக்கிட்டா' என்று யாராவது ஆரம்பித்தால், 'பாவமும் மாஃபி, புண்ணியமும் மாஃபி, சோலியப் பாரு' என்பாள். அப்படியே 'மாஃபி அக்கா' என்று பேர் விழுந்துவிட்டது. போனது தப்பில்லை, கேட்காமல் போனதுதான் தப்பு என்பது அவள் கட்சி. உழைக்கப் போகிறவளுக்குப் போடிமெட்டும் ஒன்றுதான் குவைத்தும் ஒன்றுதான், இரண்டுக்கும் அதே மூன்று கேள்விதான் என்பாள். ஒருநாள் மறுபடியும் போவேன், ஆனால் என் கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு போவேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர் அதை வாய்ச்சவடால் என்று நினைத்தது. போன வருஷம் யாருக்கும் சொல்லாமல் மதுரைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்தபோதுதான் காசிராஜனுக்கே அவள் விளையாடவில்லை என்று புரிந்தது.

இந்த வருஷம் ஜனவரியில் மேடமே போன் செய்தாள். முழங்காலில் ஆபரேஷன், எழுந்து நடக்க ஒரு கை வேண்டும், மூன்று ஆள் மாற்றியும் சரிப்படவில்லை, நீ வா காளி என்றாள். காளீஸ்வரிக்கும் போக வேண்டியிருந்தது. வித்யா தேனியில் நர்சிங் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. வேலை விசா, தமிழில் படித்துச் சொல்லும்படி ஒப்பந்தம், அரசாங்கத்தில் பதிவு, இது மூன்றும் இருந்தால் வருகிறேன் என்று பதில் சொன்னாள். மேடம் அந்த ஊர் ஏஜென்டிடம் சொன்னாள். அந்த ஏஜென்ட் இந்த ஊர் ஏஜென்டிடம் சொன்னான். இந்த ஊர் ஏஜென்ட், வேறு யார், ராஜாராம்தான்.

மார்ச்சு மாசம் ஒரு சாயங்காலம் காளீஸ்வரி தோட்டத்திலிருந்து வந்து தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். காசிராஜன் சந்தோஷமாக வந்தான்.

"காளி, ராஜாராமண்ணே வந்துட்டுப் போனாரு. சனிக்கிழமை கொச்சில ஃபிளைட்டாம். மொதல்ல விசிட்ல துபாயி, அங்கருந்து குவைத்து. ஸ்டாம்பிங்குக்கு வேணும்னாரு, பாஸ்போர்ட்டக் குடுத்து விட்டேன்."

"யாரு பாஸ்போர்ட்டு மாமா?"

"ஒன்னோடதுதான்."

"என்னோடதுன்னு தெரியுதுல்ல?"

காசிராஜனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவன் நல்ல மனுஷன். வெள்ளைச் சட்டை போட்டவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று பழகிப்போனவன், அவ்வளவுதான். அவனைத் திட்டிப் பிரயோசனமில்லை. விசிட் விசாவில் துபாய்க்குப் போய் அங்கிருந்து தாவினால் எந்தப் பதிவிலும் பேர் இருக்காது, எந்த ஒப்பந்தமும் இருக்காது, நாளைக்கு இறக்கி விடு என்று கேட்க ஒரு காகிதம் இருக்காது. காளீஸ்வரிக்கு அது தெரியும். உடனே ராஜாராமுக்குப் போன் போட்டாள்.

"பாஸ்போர்ட்டு சென்னைக்குப் போயிருச்சு ஆத்தா," என்றார் அவர். "இனிமே வேணாங்காத. டிக்கெட்டு போட்டாச்சு. போகலன்னா அந்தச் செலவெல்லாம் ஒன் தலையில விழும். கெளம்புற சோலியப் பாரு."

இரவு முழுக்க அவள் தூங்கினாளா இல்லையா என்று காசிராஜனுக்குத் தெரியாது. பயந்திருந்தாள் என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் அவள் திட்டவே இல்லை.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப்பு ஸ்டாண்டில் வழக்கமான கூட்டம். டீக்கடைச் சத்தம், டீசல் புகை, சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை மாட்டிய பெண்கள். காய் எடுப்பு முடிந்து களை எடுக்கிற மாசம், ஆள் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். ராஜாராமின் வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. வாரத்தில் இரண்டு நாள் அவர் அங்கே வருவார். தோட்ட வேலை குறையும்போது வெளிநாட்டுக்கு ஆள் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. பெண்களிடம் கார்டு கொடுத்துக்கொண்டு, 'என்னாத்தா, எத்தன நாளைக்கு இந்த மலையவே ஏறுவ' என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

காளீஸ்வரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. சுருளி என்கிற டிரைவரின் ஜீப்பு, ராஜாராமின் காருக்கு முன்னால் வந்து நின்றது. பெண்கள் கூடினார்கள். காளீஸ்வரி பின்படியில் ஏறி நின்றுகொண்டு வழக்கப்படி கேட்டாள்.

"எந்தத் தோட்டம் தம்பி?"

"பூப்பாற."

"என்ன கூலி?" சுருளி சொன்னான்.

"எத்தன மணிக்கு எறக்கி விடுவ?"

"அஞ்சு மணிக்குக்கா. ஏறுங்க வெரசா."

யாரும் ஏறவில்லை. காளீஸ்வரி படியில் நின்றபடியே திரும்பினாள். "ராஜாராமண்ணே! நீங்களும் ஆள் ஏத்துறவருதான? இப்பிடி வாங்க. ஒங்களுக்கும் அதே கேள்விதான்."

ஸ்டாண்டு திரும்பிப் பார்த்தது. ராஜாராம் சிரித்துக்கொண்டே வந்தார். அவருக்கு மனிதர்களைச் சமாளிக்கத் தெரியும். "என்னாத்தா, காலங்காத்தால?"

"என்னையச் சனிக்கிழமை ஏத்துறீங்களாம்ல. எந்த வீடு?"

"தெரிஞ்ச வீடுதான. ஒன் பழைய மேடம்."

"அப்பறம் எதுக்குண்ணே துபாயி? மேடம் துபாயிக்கா குடிபோயிட்டாக?"

யாரோ சிரித்தார்கள். "அதெல்லாம் புரொசீசர்," என்றார்.

"சரி. என்ன சம்பளம், எந்தக் காயிதத்துல இருக்கு?"

"அங்க போனதும் எழுதிக்கிடலாம்."

"எப்ப எறக்கி விடுவீங்க?"

ராஜாராம் சுற்றிலும் பார்த்தார். அறுபது முகம். கையை உயர்த்தினார், பத்து வருஷத்துக்கு முன்னால் ஏசி அறையில் உயர்த்திய அதே கை. "ஆத்தா, கெளம்புற நேரத்துல இதெல்லாம் கேக்கலாமா? அபசகுனம்."

காளீஸ்வரிக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தானே மகளின் சடங்கைக் கைப்பேசியில் பார்த்தோம் என்ற கோபம்.

"அபசகுனம் ஒங்களுக்குண்ணே. எனக்கு இல்ல. போன தடவ நான் சகுனம் பாத்துத்தான் போனேன். மூணு வருசம் எட்டு மாசம் கழிச்சுத்தான் வந்தேன். இந்தா, இந்த ஸ்டாண்டுல தெனமும் அறுவது பேரு கெளம்புற நேரத்துலதான் கேக்குறோம். ஒருத்தியும் கெட்டுப்போகல. என் பாஸ்போர்ட்டக் குடுங்க."

"சென்னையில இருக்குன்னேன்ல."

"அப்ப மேடத்தையே கேட்டுருவோம்," என்று இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

குவைத்தில் அப்போது மூன்றேகால் மணி இருக்கும். யார் எடுப்பார்கள் என்று ராஜாராம் மெல்லச் சிரித்தார். அந்த வீட்டில் நாலு நோன்பு மாசம் சமைத்தவள் காளீஸ்வரி. இதுவும் நோன்பு மாசம், சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிடுகிற நோன்புச் சாப்பாட்டுக்கு, எழுந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். போன் மூன்றாவது தடவை அடித்ததும் திரையில் மேடத்தின் முகம் வந்தது. தலையில் துணி, கையில் பேரீச்சம்பழம்.

காளீஸ்வரி தனக்குத் தெரிந்த வீட்டு அரபியில் பேசினாள். இங்கே உன் ஏஜென்ட் விசிட் விசா கொடுக்கிறான், காகிதம் இல்லை, என் ஜவாஸும் அவனிடம் இருக்கிறது, நீ சொல்லித்தானா? மேடத்துக்கு விசிட் விஷயம் தெரியாது. ஆபீஸ்காரன் பார்த்துக்கொள்வான், நீ வந்துவிடு, ஜவாஸை வழக்கம்போல என் அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றாள். அதில் என்ன தப்பு என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

சுற்றி நின்ற பெண்களுக்கு அந்தப் பேச்சில் ஒன்றும் புரியவில்லை. காளீஸ்வரி கடைசியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.

"மேடம். மாஃபி ஜவாஸ், மாஃபி காளி."

போனை வைத்துவிட்டாள். சோலையம்மாள் என்கிற பெரிய பொம்பளை வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு ராஜாராமைப் பார்த்தாள். "அவ கேட்டதுக்குப் பதில் வரல. பதில் வராம இந்த ஸ்டாண்டுல வண்டி எடுக்குறது கெடையாதே." சொல்லிவிட்டுத் தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். அவளைப் பார்த்து எல்லாத் தூக்குவாளியும் தரைக்கு வந்தது.

ராஜாராம் விறுவிறுவென்று காருக்குப் போனார். முன்னால் சுருளியின் ஜீப்பு, பின்னால் இரண்டு ஜீப்பு, பக்கத்தில் சாக்கடை. சுருளி சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஆள் ஏறாம நான் எப்பிடிண்ணே வண்டிய எடுக்க?" என்றான் மரியாதையாகவே. ராஜாராம் ஸ்டேஷனுக்குப் போன் போடுவேன் என்றார். 'போடுங்க, வரட்டும், அவங்ககிட்டயும் விசிட் விசாவப் பத்தி நாலு வார்த்த சொல்லணும்' என்றாள் காளீஸ்வரி. ராஜாராமின் கை போன் பக்கமே போகவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். விடிந்து, குரங்கணி மலை மேல் வெளிச்சம் விழத் தொடங்கியது.

கடைசியில் அவர் காரின் முன்பெட்டியைத் திறந்தார். சென்னைக்குப் போன பாஸ்போர்ட்டு ரப்பர் பேண்டு போட்ட கட்டில், நாலு பாஸ்போர்ட்டோடு சேர்ந்து, துடைக்கிற துணிக்கு அடியில் இருந்தது.

"இந்தா, ஒன்னோடத எடுத்துக்க," என்று கட்டை அவிழ்த்தார்.

காளீஸ்வரி தன்னுடையதை எடுத்துக்கொண்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் ஐந்தையும் வாங்கினாள். தோட்டத்தில் கங்காணி காலையில் பேர் வாசிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"காளீஸ்வரி. நான்தேன். பொன்னுமணி!"

"இருக்கேன்க்கா," என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொம்பளை முண்டியடித்து வந்தாள். அவளுக்கும் விசிட்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. "ஆயம்மா!" அவளும் இருந்தாள். இன்னும் இரண்டு பேர் பொட்டிபுரத்துக்காரிகள், அன்றைக்கு வரவில்லை.

காளீஸ்வரி அந்த இரண்டையும் ராஜாராம் கையிலேயே திருப்பி வைத்தாள். "அடுத்தவ பாஸ்போர்ட்ட நான் வச்சுக்கிடக் கூடாதுண்ணே, யாருமே வச்சுக்கிடக் கூடாது. நாளைக்குக் காலைல இதே எடத்துக்கு அவங்கள வரச் சொல்றேன். நீங்க கொண்டாங்க. அறுவது பேரு பாத்துட்டோம், மறந்துராதீங்க."

ராஜாராம் காரில் ஏறினார். சுருளி ஜீப்பை நகர்த்திக் கொடுத்தான்.

மலை ஏறும்போது வண்டியில் ஒரே சத்தம். காளீஸ்வரியின் கை பாஸ்போர்ட்டை இடுப்பில் அழுத்திக்கொண்டே இருந்தது. வாய்ப்பு போய்விட்டது என்றுதான் நினைத்தாள். மேடத்திடம் அப்படி முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்க வேண்டாமோ, வித்யாவின் படிப்புக்கு இனி என்ன வழி என்று யோசித்தாள். ஆனாலும், 'சரிங்க மேடம்' என்று சொல்லியிருந்தால் நாளைக்குக் கண்ணாடியில் எந்த முகத்தைப் பார்ப்பது என்றும் தோன்றியது. பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது போன் அடித்தது. மேடம். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

"காளி, கோபமா?"

"கோபம் மாஃபி மேடம். ஜவாஸ் என் கைக்கு வந்துருச்சு."

மேடம் மகன் ஃபஹத்திடம் கேட்டாளாம். பாஸ்போர்ட்டு வேலைக்காரியிடம்தான் இருக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று அவனும் சொன்னானாம். உன்னிடமே இருக்கட்டும் என்றாள். வேலை விசாவே எடுக்கிறேன், காகிதமெல்லாம் அனுப்புகிறேன், நோன்பு முடிந்து வருகிறாயா என்று கேட்டாள்.

"காயிதம் வரட்டும். என் மக படிச்சுப் பாத்துச் சொல்லுவா. சம்பளத்த அதுல எழுதுங்க. எப்ப எறக்கி விடுவீங்கன்னும் எழுதுங்க, தேதி போட்டு."

சோற்றுக் கையோடு பெண்கள் எல்லாரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுமுனையில் மேடத்துக்கு நிஜமாகவே புரியவில்லை. கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

"நீ இன்னும் வரவே இல்லை காளி. அதற்குள் போகிற பேச்சு எதற்கு?"

காளீஸ்வரிக்கு அரபியில் சரியான சொல் கிடைக்கவில்லை. தேடினாள், கிடைக்கவில்லை. கடைசியில் தமிழிலேயே சொன்னாள். மேடத்துக்குப் புரிந்ததோ இல்லையோ, 'சரி, எழுதுகிறேன்' என்று பதில் வந்தது. காளீஸ்வரி தமிழில் சொன்னது இதுதான்:

"எங்க ஊருல எறங்குற நேரம் தெரியாம ஒருத்தியும் ஏற மாட்டா மேடம்."

அன்றைக்கு ஜீப்பு போடிக்கு வந்து சேர்ந்தது ஐந்தேகாலுக்கு. சொன்ன நேரத்துக்குக் கால் மணி தாமதம். சுருளி வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள், ஏன் லேட்டு என்று காளீஸ்வரி அவனைப் பிடித்துக்கொண்டாள்.